வேலையை விடுவதற்காகத் திருப்பூர் போனோம்

ஊரெல்லாம் வேலை தேடித்தான் திருப்பூருக்குப் போகும். நாங்கள் இருக்கிற வேலையை விடலாமா என்று பார்க்கப் போனோம். ஜனவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, ஞாயிறு ராத்திரி அங்கிருந்து திரும்பினோம். கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகலாம் என்று யோசிக்கிறவர்கள், ராஜினாமா எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இடத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால், இந்தப் பதிவு அவர்களுக்கு ஆகும். கோயில் குளம் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பஸ் விவரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் செல்வின் மின்வாரியத்தில் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் பதினேழு வருஷமாக டீச்சர். மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வீட்டில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர், "ஆண்டவர் என்னைக் கூப்பிடுதாரு மெர்சி, வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்குப் போணும்" என்று ஆரம்பித்தார். கால் காசு உத்தியோகம் என்றாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்று சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "நீ மனசார சரின்னு சொல்லாம நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆக, முடிவு என் தலையில். திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் மத்தியில் ஊழியம் செய்யும் அருள்ராஜ் அண்ணனும் வசந்தா அக்காவும் மே மாதத்தோடு ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார்கள், அந்த இடத்துக்கு ஒரு தம்பதி வேண்டும் என்று செய்தி வந்தது. போய்ப் பார்க்கலாம் என்றார். நானும் கிளம்பினேன். முடியாது என்று சொல்லத்தான் கிளம்பினேன். பார்க்காமல் சொன்னால் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாரே!

காலை ஆறரைக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பஸ். மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி. சுமார் 340 கிலோமீட்டர். ஆளுக்கு 290 ரூபாய். ரயிலும் இருக்கிறது, ஆனால் தைப்பூச சமயத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. தாராபுரம் ரோட்டில் பழனிக்கு நடக்கிற கூட்டம் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக எதிரே வந்துகொண்டே இருந்தது. டிரைவர் பொறுமையாக ஓட்டினார். அவிநாசிபாளையத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலில் நடைபயணக்காரர்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்களுக்கும், "நீங்களும் குடிங்க" என்று நீட்டினார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்த நான் கொஞ்சம் தயங்கினேன். இவர் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளரும் கேட்டார்.

தென்பக்கத்து பஸ்கள் கோவில்வழி பேருந்து நிலையத்தில் நிற்கும். நாங்கள் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. அங்கிருந்து ஊருக்குள் போக ஆட்டோ 300 கேட்டார்கள், ஒருவர் 200-க்கு வந்தார். ஓட்டுநர் உசிலம்பட்டிக்காரர். பேச்சுக் கொடுக்காமல் அவரால் வண்டி ஓட்ட முடியாது போலிருக்கிறது.

"எந்த கம்பெனிண்ணே? ரெண்டு பேருக்கும் வேலையா?"

"வேலைக்கு வரல தம்பி" என்றார் இவர். "வேலைய விட்டுட்டு வரலாமான்னு பாக்க வந்திருக்கோம்."

ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அக்காவுக்கு இஷ்டமில்ல போலயே" என்றார். புத்திசாலி. கேட்ட காசு கூடக் கொடுத்திருக்கலாம்.

பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் லாட்ஜ், ஏசி இல்லாத அறை நாளுக்கு 900 ரூபாய். அருள்ராஜ் அண்ணன் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். சோறு போட்டவர்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வது கஷ்டம்.

வெள்ளிக்கிழமை மதியம் டவுன் பஸ்ஸில் வேலம்பாளையம் போனோம். எனக்கு இலவசம், இவருக்குப் பத்து ரூபாய். அரை மணி நேரம். வழி முழுக்கக் கம்பெனிகள், லேபிள் கடைகள், மூட்டை ஏற்றிய வேன்கள். "டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை" என்று ஒவ்வொரு கேட்டிலும் பலகை. ஊழிய வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் சின்ன வீடு, பின்னால் முன்பு தறி ஓடிய நீளக் கொட்டகை. வீட்டின் சொந்தக்காரம்மா பழனியம்மாள், நெற்றி நிறையத் திருநீறு, முருக பக்தை. அவர்கள் குடும்பம் இப்போது பக்கத்திலேயே செக்கிங் யூனிட் வைத்திருக்கிறது. அதாவது தைத்து வந்த துணியில் பழுது பார்த்து, நூல் வெட்டி, அடுக்கிக் கொடுக்கிற வேலை.

"வாங்க கண்ணு, வாங்க. ஏனுங்க, இந்த வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிக்கறீங்களா?" என்று அவர்தான் முதலில் வரவேற்றார். அருள்ராஜ் அண்ணன் அப்புறம்தான் வந்தார்.

இந்த ஊழியம் எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். அண்ணன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது, அவர்கள் சொந்த ஊர்ச் சபையார் அன்பாக ஆறு தையல் மிஷின் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு! எங்கள் ஊரில் யாராவது அதிகப்பிரசங்கித்தனம் செய்தால் திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்போம். இவர்கள் திருப்பூருக்கே தையல் கொண்டுபோயிருக்கிறார்கள். அதுவும் காலால் மிதிக்கிற மிஷின்.

"வீடு வீடாப் போய்ச் சொன்னோம். எல்லாரும் ரொம்ப நல்லதுங்க, வர்றோமுங்கன்னாங்க. ஆறு மிஷினையும் துடைச்சு வச்சிட்டு ஒரு மாசம் உக்காந்திருந்தோம். ஒரு குருவி வரல" என்றார் அண்ணன்.

பழனியம்மாள் மோரோடு வந்தவர் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "நான் அப்பவே நெனச்சனுங்க. இந்த ஊருல வந்து தையல் சொல்லித் தர்றேங்கறாங்களே, பாவம், நல்ல மனுசங்க, மூஞ்சிக்கு நேரா எப்படீங்க வேண்டாமுன்னு சொல்றது? அதான் வர்றோமுங்க, வர்றோமுங்கன்னே சொல்லிட்டிருந்தோம்."

அப்புறம் ஒருநாள் வசந்தா அக்கா சும்மா வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. இங்கே காலை எட்டரைக்கு வேலை தொடங்கினால் மாலை ஐந்தரையோடு ஒரு ஷிப்ட். ஆனால் யாரும் அதோடு வீட்டுக்கு வருவதில்லை. இன்னும் அரை ஷிப்ட் சேர்த்து எட்டரை வரை பார்த்தால்தான் குடும்பம் நடக்கும். பள்ளிக்கூடம் விடுவதோ நாலு மணிக்கு. நாலிலிருந்து எட்டரை வரை பிள்ளைகள் பூட்டிய அறைக்கு வெளியே, சந்தில், சாக்கடை ஓரத்தில். அக்கா மிஷின்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயை விரித்தார். மறுநாளே பதினோரு பிள்ளைகள். இப்போது நாற்பது பேர் பக்கம். பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். மீதி நம் தென்மாவட்டம், கொஞ்சம் உள்ளூர். மிஷின்களை விற்று ஃபேனும் பெரிய சோற்றுப் பானையும் வாங்கியிருக்கிறார்கள். சாமி கும்பிடுகிறவர்கள், அல்லேலூயா சொல்கிறவர்கள் எல்லார் பிள்ளைகளும் வருகிறார்கள். யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஞாயிறு மாலை ஆராதனைக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம்.

நாலேகாலுக்குப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அருள்ராஜ் அண்ணன் மரியாதைக்காக இவரைப் பேசச் சொன்னார். இவர் மோசேயின் அழைப்பைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். நல்ல பேச்சு, பொய் சொல்லக்கூடாது. பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பசியோடு. முடித்ததும் அண்ணன் அவர் தோளைத் தொட்டு, "தம்பி, பிரசங்கத்துக்கு நம்ம மிஷன்ல ஆள் இருக்கு. நாலேகாலுக்குக் கதவத் திறக்கத்தான் ஆள் இல்ல" என்றார். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மனசு நொந்தால் வருகிற சிரிப்பு.

நான் சும்மா இருக்க முடியாமல் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். சுமித்ரா என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை, ஒடிசாக்காரி, கழித்தல் போட்டுக்கொண்டே முன்பல்லை நாக்கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஆட்டாத" என்றேன். ஆட்டினாள். ஆறரை மணிக்கு, பதினேழிலிருந்து ஒன்பதைக் கழித்துக்கொண்டிருக்கும்போது பல் கையில் வந்துவிட்டது. அவள் அழவில்லை. ரத்தத்தோடு பல்லை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எட்டு என்று விடை சொன்னாள்.

நான் கூரை மேல் எறிய எழுந்தேன். வசந்தா அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "எறியாத. அவ அம்மா வரட்டும்." அப்போதுதான் அங்கே ஒரு வழக்கம் இருப்பதைச் சொன்னார். எட்டரைக்குத் தாய்மார் கூட்டிப் போக வரும்போது, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு சேதி சொல்லி அனுப்ப வேண்டும். "மார்க் சொல்லக் கூடாது. குறை சொல்லக் கூடாது. அவுக பாக்காமப் போனதுல ஒண்ணு சொல்லணும். காலையில தூங்குத பிள்ளைய விட்டுட்டுப் போறாக, ராத்திரி தூங்கப் போற பிள்ளையத் தூக்கிட்டுப் போறாக. நடுவுல ஒரு நாள் முழுசும் போயிருதுல்லா?"

அன்றைக்குச் சேதி சொல்கிற வேலையை என்னிடம் தள்ளிவிட்டு அக்கா பானை கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான். பார்க்க வந்தவளை வேலைக்குப் பிடித்துப் போட்டுவிட்டார்களே! ஆனால் வாசலில் நின்றேன். பஞ்சு ஒட்டிய தலையோடு ஒவ்வொருத்தியாக வந்தாள். வந்தவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடாமல் நின்றாள். சேதிக்காக நிற்கிறாள் என்று இரண்டு பேர் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. உன் மகன் இன்னைக்குச் சண்டை விலக்கினான், உன் மகள் யாரும் கேக்காம ஒரு பாட்டுப் பாடினா, இவனுக்குப் பாகற்காய் பிடிக்குமாமே என்று சொல்லச் சொல்ல, எனக்கே ஆச்சரியம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒன்று என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் இப்படி ஒரு பேச்சு பேச நேரமே வந்ததில்லை.

சுமித்ராவின் அம்மா ஜர்ணா கடைசியில் வந்தாள். தாளில் மடித்த பல்லைக் கொடுத்தேன். "கிர் கயா?" என்றாள், விழுந்துடுச்சா என்று. மகளின் வாயைத் திறந்து போன் வெளிச்சத்தில் அந்த ஓட்டையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். "காலைல ஆடிச்சு அக்கா. நான் பாத்தேன். நைட்டு பாக்கலாம் நெனச்சேன்" என்றாள். விழுந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். பதினேழில் ஒன்பது போனால் எட்டு என்று அவள் விடை சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். ஜர்ணா சிரித்த சிரிப்பில் சந்தே திரும்பிப் பார்த்தது.

அப்புறம்தான் வேடிக்கை. பல்லைக் கூரையில் எறியச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவர்கள் ஊரில் எலிப் பொந்தில் போடுவார்களாம், அப்போதுதான் எலிப்பல் மாதிரி உறுதியாக முளைக்குமாம். "சூகா வீடு எங்க?" என்று பழனியம்மாளிடம் போய்க் கேட்டுவிட்டாள். சூகா என்றால் எலி என்று சுமித்ரா மொழிபெயர்த்தாள்.

பழனியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கூட்டுல எலியெல்லாம் இல்லீங்க!" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையின் பொக்கை வாயைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொட்டாய்க்குப் பொறத்தால, காரை பேந்த எடத்துல ஒண்ணு இருக்குதுங்க. வெளிய சொல்லிப் போடாதீங்க" என்று அவரே டார்ச் எடுத்துக்கொண்டு வழிகாட்டினார். தாயும் மகளும் குனிந்து பல்லைப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் பயம் வந்துவிட்டது.

சனிக்கிழமை இவரைக் காணவில்லை. தேடிப் போனால், பின் சந்தில் வரிசையாக உள்ள தொழிலாளர் அறைகளில் ஏணி போட்டு நின்றுகொண்டிருக்கிறார். ஒரே வயரில் ஆறு அறைக்கு இழுத்திருந்தார்களாம். பழனியம்மாள் சொல்லி அறைகளின் சொந்தக்காரரை வரவழைத்து, சாமான் வாங்கச் சொல்லி, உள்ளூர் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை மாற்றிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. முதல் நாள் இருந்த அந்த நொந்த சிரிப்பு முகத்தில் இல்லை. இருபது நிமிஷம் மோசேயைப் பற்றிப் பேசியபோது இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. மனசில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை இங்கே ஆராதனை வைத்தால் ஆள் வராது. வாரத்துக்கு ஒரே விடுமுறை, துணி துவைக்க வேண்டும், தூங்க வேண்டும். மாலை நாலு மணிக்குத்தான். கொட்டகையில் முப்பது பேர். ஒரு பாட்டு தமிழில், ஒரு பாட்டு இந்தியில். முடிந்ததும் டீ. வசந்தா அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கதவுச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று மட்டும் காட்டினார். எட்டரை மணிக்குக் கோவில்வழியில் பஸ்.

பஸ் கிளம்பி ஊர் தாண்டியதும் இவர் மெதுவாகக் கேட்டார். "பாத்துட்டல்லா? என்ன சொல்லுத? எழுதிக் குடுத்துரட்டா?"

"நீங்க எழுத வேண்டாம் அத்தான்."

முகம் விழுந்துவிட்டது. சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் கையைப் பிடித்தேன்.

"நான் எழுதிக் குடுக்கேன்."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. நான் சொன்னேன். அந்த வீட்டில் தேவைப்படுகிற ஆள் நான்தான் என்று வெள்ளிக்கிழமை எட்டரைக்கே தெரிந்துவிட்டது, நீங்கள் வேலையை விட்டால் அங்கே சும்மா உட்கார்ந்து நொந்துபோவீர்கள், கரண்ட் ஆபீஸ் திருப்பூரிலும் இருக்கிறது, பிள்ளை படிப்புக்கு ஒரு சம்பளம் வேண்டும், மிஷன் தருகிற மாதப்படி என் இப்போதைய சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குதான் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"ரெண்டு வருசமா ஜெபம் பண்ணுனது நான்லா மெர்சி?" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆமா. ஆண்டவர் கேட்டுட்டாரு. பதில எங்கிட்ட குடுத்துட்டாரு. நான் என்ன செய்ய?"

தாராபுரம் வந்தது, போனது. இந்த மனுஷன் ஆசைப்பட்ட ஒரே ஒரு காரியத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டித்தான் வாய் திறந்தார். "பல்லடம் செக்ஷன்ல ஒரு இடம் காலியாகுதுன்னு கேள்வி. கேட்டுப் பாக்கட்டா?" குரல் சரியாக இல்லை. நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

இனிப் போகிறவர்களுக்கு. தீபாவளி, பொங்கல் வாரத்தில் போகாதீர்கள், ஊரே காலியாக இருக்கும், நாங்கள் பார்த்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விட்டு ஊழியத்தைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். வேலை நாளில் மாலை நாலிலிருந்து ஒன்பது வரை இருங்கள். பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம், பனியன் ஊருக்கு யாராவது பனியன் கொண்டுபோவார்களா? ஐம்பது இந்தி வார்த்தையாவது தெரிந்துகொண்டு போங்கள், எலி உட்பட. வர்றோமுங்க என்று யாராவது சொன்னால் மிஷினைத் துடைத்து வைக்காதீர்கள். கணவன் மனைவி சேர்ந்து போங்கள், ஆனால் அங்கே தனித்தனியாகச் சுற்றுங்கள். எழுதிக் கொடுக்கப் போவது யார் என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். நான் பயப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். தலைமையாசிரியை, "உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டபோது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

பல்லடத்துக்கு இடமாற்றம் ஏப்ரலில் கிடைத்தது. போன ஞாயிறு எங்கள் சபையில் வழியனுப்பு ஜெபம். குருவானவர், "சகோதரர் செல்வினை ஊழியத்துக்கு அர்ப்பணிக்கிறோம், சகோதரர் முன்னே வந்து முழங்காலிடலாம்" என்றார். சபையில் எல்லாருக்கும் இவர் ஆசைதானே தெரியும். இவர் எழுந்து போனார். மைக்கைக் கையில் வாங்கினார்.

"மன்னிக்கணும் ஐயா. போறது என் வீட்டுக்காரி. எனக்கு அங்கயும் கரண்ட் ஆபீஸ்தான்" என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஜெபம் அவளுக்குப் பண்ணுங்க" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நான் தனியாக நடந்து போய் முழங்காலிட்டேன். குருவானவர் என் தலையில் கை வைத்தார். அவர் என்ன ஜெபித்தார் என்று எனக்கு நினைவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தது.